குப்புற வைத்த மணி

ஆம்பூர்
சித்திரை, சனிக்கிழமை

என் அருமை மகன் கார்முகிலனுக்கு,

உன்னை எனக்கு அளித்த பெருமாளே அந்தத் தூர தேசத்திலும் உனக்கு நிழலாக நிற்பாராக. ஆம்பூர் வீட்டில் நான், உன் மனைவி தீபலட்சுமி, உன் செல்வன் புகழேந்தி மூவரும் சுகமாக இருக்கிறோம். அடிஸ் அபாபாவில் மழை பிடித்துக்கொண்டதாகவும், பதனிடும் கூடத்தில் ஈரம் காயாமல் தோல்கள் பூசணம் பூப்பதாகவும் எழுதியிருந்தாய். தோல் காய்வது கிடக்கட்டும், நீ ஈரத் துணியோடு நிற்காதே. இங்கே மழை என்ற சொல்லையே ஊர் மறந்துவிட்டது. பாலாறு வெறும் மணலாகக் கிடக்கிறது. உச்சிப்பொழுதில் காக்கைகூட நிழலைவிட்டு வெளியே வர யோசிக்கிறது.

பெங்களூருக்கு அப்பால் உள்ள அந்த விடுதிப் பள்ளியில் நம் பிள்ளைக்கு இடம் கிடைத்த செய்தியை அறிந்தேன். வைகாசி முடிவதற்குள் உறுதி சொல்லிவிட்டு, ஆனியில் கொண்டுபோய் விட வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். ஆறு வயதுக் குழந்தையைப் பிரிவது மனத்துக்குக் கடினமே. ஆயினும் நீ காட்டிய காரணங்களில் ஒன்றையும் என்னால் தள்ள முடியவில்லை. தீபலட்சுமி ஷூ கம்பெனியின் தையல் பகுதிக்குக் காலையில் போனால் மாலையில்தான் திரும்புகிறாள். என் முழங்கால்களோ என் சொல்லைக் கேட்பதை விட்டுவிட்டன. பிள்ளை பேசுவதில்லை. பசியா, வலியா, பயமா என்று ஊகித்தே நாம் காலம் கழிக்கிறோம். ஆட்டிசம் உள்ள பிள்ளையை அதற்கென்று பயின்றவர்களிடம் ஒப்படைப்பதே முறை என்றாய். நானும் இசைந்தேன். தீபலட்சுமியிடம் சொன்னேன். "சரி மாமா" என்றாள். எதையும் மறுத்துப் பேசாத மருமகள் வாய்த்தது நம் குலத்தின் பாக்கியம்.

இனி மகிழ்ச்சியான செய்திக்கு வருகிறேன்.

ரயிலடிக்குப் பக்கத்தில் இத்தகைய பிள்ளைகளுக்காக ஒரு சிறு பயிற்சி நிலையம் நடத்துகிறாளே, தூபா என்ற பெண், அவளிடம் வாரத்தில் இரு நாள் புகழேந்தியை அழைத்துப் போகிறேன் அல்லவா? ஊரை விட்டுப் போகும் முன் அவனுக்குத் தன் தேவையைக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று அவள் ஒரு வழி சொன்னாள். படப்பலகை என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம். ஒரு பலகையில் சிறு சிறு படங்கள் ஒட்டியிருக்கும். பிள்ளை தனக்கு வேண்டியதன் படத்தைப் பிய்த்து நம் கையில் தர வேண்டும். தந்த கணமே, காரணம் கேட்காமல், காலம் தாழ்த்தாமல், அந்தப் பொருளை நாம் கொடுத்துவிட வேண்டும். வாய் திறவாத பிள்ளைக்கு விரல் நுனியில் வாக்கு வரும் என்றாள். கேட்டதும் எனக்கு மெய் சிலிர்த்தது.

முதலில் அவள் பிளாஸ்டிக் உறை போட்ட அட்டைகளைத் தந்தாள். நம் பிள்ளைக்குத்தான் எதையும் கடித்துப் பார்க்காமல் தீராதே! "தாத்தா, உங்க பேரன் வாழைப்பழத்தயும் தின்னுட்டான், பாத்ரூமயும் தின்னுட்டான்" என்று கந்தலான படங்களை எடுத்துக் காட்டிச் சிரித்தாள். பல்லுக்கு அசையாத பொருள் வேண்டும் என்று யோசித்தபோது, இந்த ஊரில் பிறந்தவனுக்கு வேறு எதுதான் தோன்றும்? நேரே ரஃபி அகமதுவிடம் போனேன். தோல் மண்டியில் என்னோடு தரம் பிரித்தவன் இப்போது சொந்தமாகப் பட்டறை வைத்திருப்பது உனக்குத் தெரியும். விஷயத்தைச் சொன்னதும் கடையே அதிரச் சிரித்தான். "அரே கோதண்டம், ஷூ நாக்குல கம்பெனி பேரு பதிக்கிற மிஷின்ல பேரனுக்கு இட்லி பதிக்கணும்னு வந்த மொத ஆளு நீதான்டா" என்றான். ஆனால் பிள்ளை கடிக்கும் பொருள் என்பதை மறக்கவில்லை. ரசாயனம் போட்டதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, கடுக்காயும் மரப்பட்டையும் போட்டுப் பழைய முறையில் பதனிட்ட ஆட்டுத்தோலாகப் பொறுக்கி, உள்ளங்கை அளவுக்கு வெட்டிக் கொடுத்தான்.

படங்களை நானே கைப்பேசியில் எடுத்தேன். கடையில் விற்கும் படம் ஆகாது, அவன் குடிக்கும் செம்பு, அவன் படுக்கும் பாய், நம் வீட்டுக் குளியலறைக் கதவு என்று அவன் கண்டு பழகியதாகவே இருக்க வேண்டும் என்பது தூபாவின் கட்டளை. செம்பின் படத்தில் என் கட்டைவிரலும் விழுந்துவிட்டது. திரும்ப எடுக்கலாம் என்றேன். "இருக்கட்டும் மாமா, தண்ணி குடுக்கிற வெரலுதானே" என்றாள் தீபலட்சுமி. தோல் துண்டுகளின் ஓரங்களை அவளே தைத்தாள். ஏற்றுமதிக்குப் போகும் காலணிக்குக்கூட அத்தனை நேர்த்தியான தையல் விழுந்திராது.

தூபா எழுதித் தந்த சொற்களில் ஒன்றை மட்டும் நான் விட்டுவிட்டேன். சிவப்பில் பெருக்கல் குறி போட்டு ஒரு மறுப்புச் சொல்லையும் பலகையில் வைக்கச் சொல்லியிருந்தாள். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். விளக்கை மலையேற்று என்போமே தவிர வேறு சொல் சொல்ல மாட்டோம். அரிசி தீர்ந்தால் நிறைந்தது என்போம். வாசலில் வந்து நிற்பவரைக்கூடப் போய் வாருங்கள் என்றுதான் அனுப்புவோம். அப்படியிருக்க, ஒரு குழந்தையின் கையிலிருந்து பிறக்கப்போகும் முதல் சொற்களில் மறுப்பு ஒன்று இருப்பது உசிதமாகத் தோன்றவில்லை. ஆகவே அந்த இடத்தில் பூஜை மணியின் படத்தை வைத்தேன். காலையில் நான் மணியடித்துப் பாசுரம் பாடும்போது பிள்ளை இரு காதுகளையும் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் அசைவதையும், அவன் கண்களில் நீர் பெருகுவதையும் நீயே கண்டிருக்கிறாய். உள்ளே ஒலிக்கும் நாதம் சிந்திவிடாமல் காக்கிறான் என்பது என் எண்ணம். எத்தனையோ பெரியவர்கள் வேண்டித் தவமிருந்த நிலை அது.

கார்முகிலா, நேற்று அவன் தண்ணீர் கேட்டான். கட்டைவிரலோடு கூடிய அந்தச் செம்பைப் பிய்த்து வந்து என் மடியில் வைத்தான். நான் அவசரமாக ஊற்றியதில் பாதித் தண்ணீர் தரையில் போயிற்று. குடித்தான். உடனே மீண்டும் கேட்டான். மீண்டும் குடித்தான். கேட்டால் கிடைக்கிறது என்பதைச் சோதிக்கிறான் போலும்! வயிறு கொள்ளாத பிறகு, கேட்டு வாங்கித் தன் தாயின் வாயில் வைத்தான். அவளும் மறுக்காமல் குடித்துக்கொண்டே இருந்தாள். நீ இங்கே இருந்திருந்தால் உனக்கும் ஒரு செம்பு கிடைத்திருக்கும்.

வேளைக்கு உண். பெருமாளை நினை. மற்றவை அவர் பாரம்.

உன் நலமே வேண்டும் தந்தை,
கோதண்டராமன்

*

ஆம்பூர்
வைகாசி, செவ்வாய்க்கிழமை

மகன் கார்முகிலனுக்கு,

எல்லா நன்மைகளும் உன்னைச் சூழ்க. இம்முறை சுருக்கமாகவே எழுதுகிறேன்.

பலகை நாம் எண்ணியபடி நடக்கவில்லை. தண்ணீர், வாழைப்பழம், ஊஞ்சல் ஆகிய மூன்றையும் கேட்கிறான், அது உண்மை. ஆனால் சில நாட்களாக ஒரு விளையாட்டுப் பிடித்திருக்கிறது. படங்களைப் பிய்த்து, தரையில் கவிழ்த்து வைக்கிறான். படம் பதித்த வழுவழுப்பான முகம் கீழேயும், தோலின் சொரசொரப்பான உட்புறம் மேலேயும் இருக்கும்படி குப்புற வைக்கிறான். முதலில் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. மண்டியில் என் ஆயுள் முழுதும் ஒவ்வொரு தோலையும் புரட்டி, உட்புறத்தில் கத்திக் காயம் உண்டா என்று பார்த்தவன் நான். தாத்தாவின் தொழில் பேரனுக்கு வந்துவிட்டது என்று ரஃபியிடம் பெருமையாகக்கூடச் சொன்னேன்.

அவன் கவிழ்க்க, நாங்கள் நிமிர்த்திக் காட்ட, அவன் மறுபடியும் கவிழ்க்க, இதுவே பகல் முழுதும் நடக்கிறது. நேரம் ஆக ஆக அவன் முகம் சிவக்கிறது. முந்தாநாள் உப்புமாப் படத்தை நான் நிமிர்த்தியபோது என் முன்கையைக் கடித்துவிட்டான். காயம் ஆறிவருகிறது, நீ கவலைப்படாதே. நேற்றுப் பலகையையே தூக்கித் தண்ணீர் டிரம்மில் போட்டுவிட்டான். கேட்டறியலாம் என்றால் தூபா தன் தங்கையின் நிக்காவுக்காக வேலூர் போயிருக்கிறாள்.

ஞாயிறன்று நீ வீடியோவில் அழைத்தபோது நடந்ததையும் மறைப்பதற்கில்லை. உன் முகம் தெரிந்ததும் பிள்ளை கைப்பேசியைப் பிடுங்கிக் குப்புற வைத்தான். தீபலட்சுமி நிமிர்த்தினாள். மறுபடியும் கவிழ்த்தான். நீ வேலை இருப்பதாகச் சொல்லி அழைப்பை முடித்துக்கொண்டாய். முடிப்பதற்குச் சற்று முன் உன் முகத்தை நான் பார்த்தேன். அதை மனத்தில் வைத்துக்கொள்ளாதே, மகனே. அவன் அறியாமல் செய்தது.

நம்மால் ஆனதைச் செய்தோம். அந்தப் பள்ளிக்கே உறுதி சொல்லிவிடலாம் என்று எனக்கும் படுகிறது. உன் யோசனையைத் தெரியப்படுத்து.

பெருமாள் வழி காட்டுவார்.

உன் தந்தை,
கோதண்டராமன்

*

ஆம்பூர்
வைகாசி, திங்கட்கிழமை

என் கண்ணின் மணியே, கார்முகிலா,

ஆயிரம் ஆசிகள். பள்ளிக்கு இன்னும் உறுதி சொல்லவில்லை என்று நீ எழுதியதைப் படித்ததும் எழுந்து நின்று பெருமாளைச் சேவித்தேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை அவர்களுக்கு ஒரு சொல்லும் எழுதாதே. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். இடையிடையே நான் சிரிப்பது காகிதத்தில் தெரியாது, நீயே ஊகித்துக்கொள்.

பத்து நாட்களுக்கு முன், வெள்ளிக்கிழமை காலை, நீராடித் திருமண் இட்டு, விளக்கேற்றி அமர்ந்தேன். மணியை எடுத்து அடிக்கத் தொடங்கினேன். பிள்ளை வழக்கம்போல் காதைப் பொத்திக்கொண்டு வாசற்படியில் நின்றான். பிறகு ஓடிப்போய்ப் பலகையிலிருந்து மணிப் படத்தைப் பிய்த்து வந்து என் மடியில் வைத்தான். பார்த்தாயா, இறைவனின் நாதத்தைக் கேட்டு வாங்குகிறான் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. படம் குப்புறக் கிடந்தது. அதை நிமிர்த்தி அவனுக்குக் காட்டி, "இதோ ராஜா, இதோ" என்று முன்னிலும் ஓங்கி அடித்தேன். அவன் அதைக் கவிழ்த்தான். நான் நிமிர்த்தி இன்னும் ஓங்கி அடித்தேன். கவிழ்த்து, அதன் மேல் தன் இரு கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டு என்னைப் பார்த்தான். காதைப் பொத்த வேறு கை இல்லை அவனிடம். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. நானோ பரவசத்தில் அடித்துக்கொண்டே இருக்கிறேன்!

அடுக்களையிலிருந்து தீபலட்சுமி கரண்டியோடு ஓடிவந்தாள். "நிறுத்துங்க மாமா! அவன் மணி கேக்கலை. மணி வேணாம்ன்றான்!"

இந்த வீட்டில் அடியெடுத்து வைத்த நாளாக அவள் என்னைப் பார்த்து நிறுத்துங்கள் என்று சொன்னது அதுவே முதல் தடவை. சொன்னதும் அவளே திடுக்கிட்டுப்போய்க் கரண்டியை முதுகுப் பக்கம் மறைத்துக்கொண்டாள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அவனுக்கு வேண்டாமென்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "கவுத்துதானே வெச்சிருக்கான், பாருங்க. அன்னிக்கு உப்புமாவயும் கவுத்தான். அவன் அப்பவே சொல்லிட்டான் மாமா. நம்மதான் நிமித்தி நிமித்தி வெச்சிக்கினு இருந்தோம்" என்றாள்.

மணியைக் கீழே வைத்தேன். நாக்கு அசையாதபடி விரலால் பிடித்துக்கொண்டு வைத்தேன். அறை அமைதியாயிற்று. பிள்ளை படத்தின் மேலிருந்து கைகளை எடுத்தான். காதைப் பொத்தவில்லை. என் முகத்தை, முகத்தைத்தான், வெகு நேரம் பார்த்தான். பிறகு வந்து என் முழங்காலில் தோளைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டான். அன்றைய வழிபாடு முழுவதும் என் உதட்டசைவில் மட்டுமே நடந்தது. முடியும்வரை அவன் எழுந்து போகவில்லை. ஒருபோதும் என்னருகே அமராத பிள்ளை, அப்பா!

எல்லாம் முடிந்த பிறகே, பெருமாள் சன்னிதியில் என் மடியில் ஒரு தோல் துண்டு கிடப்பதைக் கவனித்தேன். எடுத்து வெளியே வைக்கக் கை போயிற்று. மிருதங்கத்தையும் தோலால்தானே கட்டுகிறார்கள், அதைப் பெருமாள் கேட்காமலா இருக்கிறார் என்று அங்கேயே விட்டுவிட்டேன்.

அதன் பிறகு அன்றைக்கெல்லாம் எங்களுக்கு மறுப்புக் கேட்பதே வேலையாகிவிட்டது. தீபலட்சுமி கம்பெனிக்கு விடுப்புச் சொல்லிவிட்டாள். உப்புமாத் தட்டை வைத்தோம். படத்தைக் கவிழ்த்தான். ஒரு சொல்லும் சொல்லாமல் தட்டை எடுத்தோம். அவன் எங்களை நம்பாமல் தட்டு போன வழியையே பார்த்தான். திரும்பி வராது என்று தெரிந்ததும் துள்ளினான் பார், இரண்டு கைகளையும் சிறகுபோல் அடித்துக்கொண்டு! பிறகு தானே போய் வாழைப்பழத்தைக் கொண்டுவந்தான். உப்புமா விஷயத்தில் அவன் முற்றிலும் உன் பிள்ளை. நீ சிறுவயதில் வாய் பேசத் தெரிந்தும் தட்டைப் பீரோவுக்குப் பின்னால் தள்ளுவாய். இவன் முகத்துக்கு நேரே சொல்கிறான்.

நீலச் சட்டையைக் கவிழ்த்தான். அதன் கழுத்துப்பட்டியைத் தொட்டுப் பார்த்தோம், பொத்தான் தையல் முள்போல் குத்துகிறது. இத்தனை நாள் அந்தச் சட்டையை மாட்டும்போதெல்லாம் அழுத குழந்தையை அடம் பிடிக்கிறான் என்றோம். மாலையில் மனம் நிறைந்து அவனுக்கு ஒரு புண்ணிய கதை சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் எழுந்து போனான். தாத்தா என்று என் முகம் பதித்த படத்தைக் கொண்டுவந்து, என் கண்ணெதிரே நிதானமாகக் குப்புற வைத்தான். தீபலட்சுமி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அடுக்களைக்கு ஓடினாள். அங்கிருந்து பாத்திரம் விழும் சத்தமும் சிரிப்பும் சேர்ந்து கேட்டன. மரியாதைக்கு நானும் கதையை நிறுத்தினேன். பஜனை மடத்தில் எத்தனையோ சபைகளில் கதை சொல்லியிருக்கிறேன். போதும் என்று இவ்வளவு தெளிவாக எவரும் எனக்குச் சொன்னதில்லை.

மறுநாள் சனிக்கிழமை தூபா ஊர் திரும்பினாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பலகையை இப்படியும் அப்படியும் பார்த்தாள். "தாத்தா, நான் எழுதிக் குடுத்ததுல ஒண்ணு கம்மியா இருக்கே? செவப்புல பெருக்கல் போட்டிருந்தேனே, எங்க?" என்றாள். அமங்கலம் என்று நீக்கியதை ஒப்புக்கொண்டேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "வேணாம்னு சொல்ல வழியே இல்லாத புள்ள கடிக்காம இன்னா பண்ணும்? நீங்க எடுத்துட்டீங்க, அவனே ஒண்ணு செஞ்சிக்கினான் பாருங்க! இனிமே தனியா அட்டையே தேவையில்ல. ஒவ்வொரு படத்துக்கும் ரெண்டு பக்கம் இருக்கு" என்றாள். சொல்லிவிட்டு அவளும் பிள்ளையைப்போலவே கைகளை அடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து ஒன்றையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். மங்கலம் மங்கலம் என்று நான் ஓடி ஓடிக் காத்தேனே, நாம் வழிபடும் பெருமான் எதைக் கேட்டு வெளிப்பட்டார்? ஈன்ற தகப்பன், நாடாளும் அரசன், தன் பெயரையே சொல் என்று கட்டளையிட்டபோது, மாட்டேன் என்றது ஒரு சிறு பிள்ளை. அந்த ஒரு மறுமொழிக்காக அல்லவா தூண் பிளந்தது? சரி அப்பா என்று அந்தக் குழந்தை சொல்லியிருந்தால் தூண் தூணாகவே நின்றிருக்கும். இத்தனை காலம் அந்தக் கதையைப் பிறருக்குச் சொல்லி வந்தவன், என் வீட்டில் அந்தப் பிள்ளை வந்து நின்றபோது மணியடித்து அவன் குரலை மூடிக்கொண்டிருந்தேன். ஆயினும் வருத்தம் இல்லை, மகனே. கண் திறந்த பிறகு இருட்டைப் பற்றி என்ன பேச்சு?

அடுத்து, உன் சங்கதி. கைப்பேசியை அவன் கவிழ்த்ததும் ஒரு மறுப்புத்தான் என்பது உனக்கு இப்போது விளங்கியிருக்கும். விளங்கியதும் முன்னைவிட வலித்திருக்கும். பொறு. அவன் எதை மறுத்தான் என்று அறிய வேண்டாமா? தூபா சொன்னபடி, போன சனிக்கிழமை மாலை நீ அழைத்தபோது ஒலியை முழுவதுமாக நிறுத்திவிட்டு உன்னை அவன் எதிரே சாய்த்து வைத்தோம். நாங்களும் பதில் சொல்லாததால் உன் குரல் அன்று எங்களுக்கு வரவில்லை என்று நினைத்து, "கேக்குதா? கேக்குதா?" என்று வாயசைவிலேயே தெரியும்படி நீ கத்திக்கொண்டிருந்தாயே, அது சிக்னலின் பிழையல்ல, நாங்கள் செய்த வேலை. நீ கையை ஆட்டினாய், கைப்பேசியைத் தட்டினாய், யாரையோ கூப்பிட்டு வயரைக் காட்டினாய். அத்தனை நேரமும் உன் பிள்ளை அந்தக் கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளி அமர்ந்து உன் வாயசைவையே பார்த்துக்கொண்டிருந்தான். நடுவில் விரலை நீட்டி உன் மீசையைத் தடவினான். நீ அழைப்பைத் துண்டித்த பிறகு கைப்பேசியை எடுத்து, முகம் மேலே தெரியும்படி, தன் பாயில் வைத்துக்கொண்டான். அவனுக்கு ஆகாதது அந்த இரைச்சல் மட்டுமே. அடுத்த முறை பேசாமல் வா. வந்து சும்மா உட்கார்ந்திரு.

உன் தகப்பனுக்கு இப்போது புது உத்தியோகம் கிடைத்திருப்பதையும் சொல்ல வேண்டும். பயிற்சி நிலையத்துக்கு வரும் தாய்மார்கள் நம் பலகையைக் கண்டு, எங்கள் பிள்ளைக்கும் என்று கேட்கிறார்கள். பேரணாம்பட்டிலிருந்து வஜீதா என்ற பெண் தன் மகளைக் கூட்டிவருகிறாள். அந்தச் சிறுமிக்குப் பேருந்து என்றால் உயிர். பேருந்து நிலையத்தில் நின்று நான் ஊர்தி ஊர்தியாகப் படம் எடுத்ததைக் கண்ட ஒரு கண்டக்டர், "இன்னா பெரியவரே, கம்ப்ளைன்ட் குடுக்கப் போறீங்களா?" என்று பயந்துபோய்க் கேட்டார். விவரம் சொன்னதும் கதவருகே நின்று சட்டையைச் சரிசெய்துகொண்டு, தன்னையும் சேர்த்து எடுக்கச் சொன்னார். அந்தப் பலகையில் அவரும் இருக்கிறார். ரஃபி தன் இயந்திரத்தில் காலணி வேலை முடிந்ததும் எங்கள் படங்களைப் பதிக்கிறான். பூஜை மணிக் கதையைக் கேட்ட அன்று, "உங்க சாமி மணியயே ஆஃப் பண்ணிட்டானே உன் பேரன், பலே ஆளு" என்றான். இப்போது நான் செய்யும் ஒவ்வொரு பலகையிலும், தூபாவின் சிவப்புக் குறியைத்தான் முதலில் பதிக்கிறேன். மற்றப் பிள்ளைகளும் நம்மவனைப்போலத் தாமே கண்டுபிடிக்கும்வரை காத்திருக்க வைப்பது நியாயமில்லை.

ஆனியிலிருந்து நாள்தோறும் காலையில் பிள்ளையை அனுப்புங்கள் என்று தூபா சொல்கிறாள். பேச்சு வருமா என்று கேட்டேன். வாக்குக் கொடுக்க மாட்டேன் என்று நேர்மையாகச் சொன்னாள். இந்த வீட்டில் என்னென்ன வேண்டும், என்னென்ன ஆகாது என்பதை அவன் இப்போதுதான் எங்களுக்குச் சொல்லத் தொடங்கியிருக்கிறான், அதைக் கேட்டுப் பழகியவர்கள் பக்கத்தில் இருப்பது நல்லது என்று மட்டும் சொன்னாள். தீபலட்சுமியின் கம்பெனியில் மதியத்துக்கு மேல் வரும் ஷிப்ட் ஒன்று உண்டாம். இவற்றை உனக்குத் தெரிவிக்கிறேனே தவிர, முடிவு என்று சொல்லவில்லை.

கடைசியாக ஒன்று. அந்தப் பள்ளியிலிருந்து பெரிய வண்ணப் படம் ஒன்று அனுப்பியிருந்தார்கள். பச்சைப் புல்வெளி, வெள்ளைக் கட்டடம், வரிசையாகக் கட்டில்கள். அதைப் பீரோவின் உச்சியில் சாய்த்து வைத்திருந்தேன். நேற்று மாலை பார்த்தபோது அது குப்புறக் கிடந்தது. காற்றாக இருக்கும் என்று எண்ணி, பழைய பழக்கம், நிமிர்த்தி வைத்தேன். இன்று காலை மறுபடியும் கவிழ்ந்து கிடந்தது. இம்முறை அதன் மேல் ஒரு தையல் நூற்கண்டு பாரமாக வைக்கப்பட்டிருந்தது.

பிள்ளைக்கு அந்த உயரம் எட்டாது, கார்முகிலா.

காபி கொண்டுவந்தவளிடம், உன்னை நாங்கள் இருவரும் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லையே அம்மா என்றேன். அவள் டம்ளரை வைத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே, "இப்பக் கேளுங்க மாமா" என்றாள். என் நாவின் நுனிவரை கேள்வி வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். அதைக் கேட்க வேண்டியவன் நான் அல்லன்.

என் கடிதங்களைக் கைப்பேசியில் படம் பிடித்து உனக்கு அனுப்புபவள் அவள்தான். இதையும் அவள் கையில்தான் கொடுக்கப்போகிறேன். படித்துவிட்டு, பிடிக்காவிட்டால் அனுப்பாமல் வைத்துவிடு என்று சொல்லியே கொடுக்கப்போகிறேன். ஆகவே இந்தக் கடிதம் உன்னிடம் வந்து சேர்ந்திருக்குமானால், இதன் ஒவ்வொரு வரியும் அவள் கண்ணைக் கடந்து, அவள் சம்மதத்தோடு வந்து சேர்ந்தது என்று அறிந்துகொள்.

அவளை அழை, மகனே. கேள். கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்லும்வரை நீ பேசாதிரு. எதைச் சொன்னாலும் அதை நிமிர்த்தி வைக்காதே.

நூற்கண்டு பீரோவின் மேல் அப்படியே இருக்கிறது.

கேட்கும் செவியை உனக்குப் பெருமாள் அருள்வாராக.

உன் தந்தை,
கோதண்டராமன்